பழைய ஆலயச் சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: 11 ஜூன் 2023

எங்கள் ஊர் ஆலயம் 1870களில் கட்டப்பட்டது. தென்மாவட்டம், கடலிலிருந்து அதிகத் தொலைவில்லை. சுவர்கள் கல்லும் செங்கலும் கலந்தவை, பூச்சு சுண்ணாம்பு, கூரை ஓடு. உள்ளே தரையிலிருந்து மார்பு உயரம் வரை பூச்சு பொரிந்து கொட்டுகிறது. பழைய பூச்சு முழுவதையும் கொத்தியெடுத்து சிமெண்ட் பூசுவது, தரைக்கு டைல்ஸ் பதிப்பது, ஓட்டை இறக்கிவிட்டுத் தகர ஷீட் போடுவது என்று சேகரக் கமிட்டிக்கு (ஆலய நிர்வாகக் குழு) மதிப்பீடு வந்திருக்கிறது. பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் முடித்துவிடலாம், பிறகு நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். சரிதானா?

11 ஜூன் 2023, இரவு

சரியில்லை. மூன்று வேலைகளுமே அந்தக் கட்டடத்துக்குக் கேடு செய்யும், முதலாவது பெருங்கேடு.

அந்தக் காலத்துச் சுவர்களின் அடியில் ஈரத்தடுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. அஸ்திவாரக் கல்லும் சாந்தும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் நிறைய இருப்பதால், ஏறிய ஓதம், அதாவது அந்த ஈரம், அவற்றின் வழியே வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். அதோடு வரும் உப்பு பூச்சிலேயே பூத்து நிற்கும்; பூச்சு பொரியும்; உள்ளேயிருக்கும் செங்கல் பிழைத்துக்கொள்ளும். அதாவது, நீங்கள் குறையென்று பார்க்கிற அந்தப் பொரிதல், பூச்சு தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதற்கான சான்று. பொரிந்த இடத்தை மட்டும் உதிர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசுவது என்பதுதான் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் எதிர்பார்த்த பராமரிப்பு.

அதே சுவரில் சிமெண்ட் பூசுவது நனைந்த உடம்பின் மேல் மழைக்கோட்டை மாட்டிவிட்டது போலாகும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். முதல் இரண்டு மூன்று மழைக்காலங்களில் சுவர் பளிச்சென்று இருக்கும்; கமிட்டியும் மகிழும். அதன் பிறகு, மார்பு உயரத்தில் இருந்த கறை ஜன்னல் வளைவுக்கு ஏறியிருக்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கலுக்குள்ளேயே படிகமாகிச் செங்கலை மாவாக்கும். கடைசியில் சிமெண்ட் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும்போது செங்கலின் முகத்தையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு வரும். பூச்சு போனால் பூசிக்கொள்ளலாம். நூற்றைம்பது வருடத்துச் செங்கல் போனால் அதற்கு ஈடு கிடையாது.

14 ஜூன் 2023

சிமெண்ட் சுண்ணாம்பைவிட வலுவானதுதானே, வலு கூடினால் என்ன கெடுதல் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய சுவருக்கு வேண்டியது வலு மட்டும் அல்ல, இணக்கமும் வேண்டும். நாட்டுச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. வெயிலில் சுவர் விரிந்து இரவில் சுருங்கும்போது அந்த அசைவைச் சாந்து வாங்கிக்கொள்கிறது. நுண்ணிய விரிசல் விட்டால் ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அதில் இறங்கித் தானே ஓரளவு அடைத்தும் விடுகிறது. சிமெண்ட் வளைந்து கொடுக்காது. இணைப்பில் கடினமான பொருளை வைத்தால் அசைவு முழுவதும் செங்கலின் மேல் விழும். உடைவது செங்கலாகத்தான் இருக்கும்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று அதன் கூரையையே மரமில்லாமல் செங்கல் வளைவாகக் கட்டினார்கள். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718. எழும்பூரில் இருக்கும் புனித அந்திரேயா ஆலயம் 1821. அங்கே மண் இளகலாக இருந்ததால் அதைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலண்ட் கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டு, நடுவில் அகலமான செங்கல் குவிமாடத்தை நிறுத்தினார். இவை எல்லாம் சுண்ணாம்பை நம்பி நின்ற கட்டடங்கள். நூறு வருட உத்தரவாதத்தைச் சுண்ணாம்பு ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டது என்று உங்கள் ஒப்பந்ததாரரிடம் சொல்லுங்கள்.

20 ஜூன் 2023

பூச்சைத் தொடுவதற்கு முன்னால், ஒரு நல்ல மழை பெய்யும்போது குடையோடு ஆலயத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்தப் பொறியாளர் அறிக்கையைவிடவும் அதில் அதிகம் தெரியவரும். ஓட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிறதா அல்லது சுவரடியிலேயே தேங்குகிறதா, தூம்பு (மழைநீர் வடியும் குழாய்) அடைத்திருக்கிறதா, வாசற்படிக்கும் வெளித்தரைக்கும் இடையே எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். ஆலயம் கட்டியபோது மூன்று படி ஏறித்தான் உள்ளே போகவேண்டியிருந்திருக்கும். ஆண்டுக்காண்டு வளாகத்தில் கிராவல் அடித்து, அதன் மேல் கான்கிரீட் போட்டு, அதற்கும் மேல் இன்டர்லாக் கல் பதித்து, இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. சுவரின் அடிப்பகுதி முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட சுவரில் ஓதம் ஏறாமல் என்ன செய்யும்? நான் முன்னர் உறுப்பினராக இருந்த ஒரு கமிட்டியில், சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு அந்தக் கல்லைப் பெயர்த்து, மண்ணை வெட்டியெடுத்து, சரளை நிரப்பி, வெளிப்புறமாக வாட்டம் கொடுத்தோம். பூச்சில் கை வைக்கவே இல்லை. அடுத்த கோடையில் உட்புறக் கறை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்த வேலைக்கு ஆகும் செலவு உங்கள் மதிப்பீட்டில் ஒரு சிறு பகுதிகூட வராது. படம் எடுத்துப் பண்டிகை மலரில் போடுவதற்கு ஒன்றும் இருக்காது என்பதால்தான் இதை யாரும் முதலில் செய்வதில்லை.

21 ஜூன் 2023

டைல்ஸ் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. பழைய கல் தரையும் சுண்ணாம்புத் தரையும் தங்கள் பரப்பு முழுவதிலும் ஈரத்தை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் வழவழப்பான டைல்ஸ் பதித்து மூடிவிட்டால், தரைக்கடியில் இருக்கும் ஈரம் முழுவதும் சுவரைத் தேடிப் போகும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் அப்படித்தான். சுண்ணாம்பு வெள்ளையடிப்பதே போதும்; நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் மண் ஆகியவை சுண்ணாம்போடு நன்றாகச் சேரும்.

2 ஜூலை 2023

“பூச்சே வேண்டாம், கொத்திவிட்டுக் கல்லும் செங்கலும் தெரியும்படி விட்டால் பழமை அழகாக இருக்குமே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குப் பழைய கோவாவில் இருக்கும் போம் ஜேசு பேராலயமே பதில். 1605இல் பிரதிஷ்டையான அந்த ஆலயத்தின் வெளிச்சுவர்கள் செம்புறைக் கல்லால் ஆனவை. மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. 1950களில் பால்தசார் காஸ்ட்ரோ என்ற போர்ச்சுகீசியக் கட்டடக்கலைஞரின் பொறுப்பில் அந்தப் பூச்சை உரித்தெடுத்தார்கள். இன்று சுற்றுலாப் படங்களில் சிவப்பாகத் தெரிகிற அந்தத் தோற்றம் இடையில் வந்த ஒன்று. செம்புறைக் கல் துளைகள் மண்டியது. கோவாவின் மழையை நேராக வாங்கி அது அரிக்கிறது. மறுபடி பூச வேண்டும் என்று அங்கேயே குரல்கள் எழுகின்றன. சிவப்புத் தோற்றத்தோடு மனம் பழகிவிட்டவர்கள் தயங்குகிறார்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிற, புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கிற ஆலயத்துக்கே இந்த நிலை.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் பழமையை மீட்பதாகச் சொல்லி ஆலயங்களின் உட்பூச்சுகளைச் சுரண்டியெடுத்தார்கள். அதைத் தடுக்கவே வில்லியம் மோரிசும் நண்பர்களும் 1877இல் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பூச்சு கட்டடத்தின் ஓர் உறுப்பு. உரித்துப் போடுகிற உறை அல்ல.

19 ஆகஸ்ட் 2023

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இப்போது எங்கே கிடைக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தாமதமாக வருகிறேன். கிடைக்கிறார்கள். கோயில் திருப்பணி, செட்டிநாட்டு வீடுகளின் பழுதுபார்ப்பு ஆகிய வேலைகளுக்குப் போகும் கொத்தனார்களிடம் விசாரியுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே தேசிய மையம் ஒன்று இயங்குகிறது. பெரிய விரிசல், கோபுரம் சாய்வு போன்றவற்றுக்கு அத்தகையவர்களின் ஆலோசனை இல்லாமல் கை வைக்கக் கூடாது. ஆனால் சாதாரணப் பூச்சு வேலைக்கு நல்ல கொத்தனாரும் பொறுமையும் போதும்.

முதலில், இருக்கிற பழைய சாந்தைப் படியுங்கள். பொரியாத இடத்திலிருந்து ஒரு கட்டி எடுத்து, கண்ணாடிக் குவளையில் நீர்த்த அமிலம் விட்டுப் போட்டால் நுரைத்துச் சுண்ணாம்பு கரைந்துவிடும். அடியில் மணல் தங்கும். அதை அலசிக் காயவைத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், அந்தக் காலத்தில் ஆற்று மணல் போட்டார்களா, தேரி மணல் (செம்மணல் மேட்டு மணல்) போட்டார்களா, செங்கல் பொடி கலந்தார்களா என்பது தெரியும். கிளிஞ்சலும் அமிலத்தில் கரைந்துவிடும்; ஆகவே அமிலம் விடுவதற்கு முன்பே கட்டியை உடைத்துப் பாருங்கள், கிளிஞ்சல் துண்டுகள் தெரிந்தால் கடற்கரைக் காளவாய்ச் சுண்ணாம்பு என்று ஊகிக்கலாம். புதுச் சாந்துக்கும் அதே வகை மணலைத் தேடுங்கள்.

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்குள் போட்டு நீற்றவேண்டும். தண்ணீரைச் சுண்ணாம்பின் மேல் ஊற்றக் கூடாது. போட்டவுடன் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கட்டிகள் பிளந்து, தண்ணீர் கொதித்து, வெண்குழம்பு தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும் அளவுக்கு ஆபத்தானது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாத எவரையும் தொட்டிக்கு அருகில் விடாதீர்கள். நீறிய குழம்பைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால், நாள் ஆக ஆக வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். இரண்டு வாரமாவது கிடக்கட்டும். இரண்டு மாதம் கிடந்தால் இன்னும் நல்லது. இன்னொரு பானையில் இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிக்கொண்டிருக்க வேண்டும். நான் உடன் நின்று வேலை பார்த்த முதிய கொத்தனார் ஒருவர், அந்தத் தண்ணீர் புளித்துக் கள் வாடை வரும்வரை தொடவே விடமாட்டார். முன்பு மாடு கட்டிய செக்கில் சாந்தை அரைத்தார்கள். இப்போது இயந்திரத்தில் அரைக்கலாம், ஆனால் அரைக்காமல் வெறுமனே குழைத்துப் பூசுவது பயன்தராது. அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் பொதுவாகச் சரியாக வரும். ஒவ்வொரு பூச்சும் விரல் பருமனுக்கு மேல் போகக் கூடாது. ஒன்று இறுகிய பிறகே அடுத்தது.

பழைய சென்னைக் கட்டடங்களில் பளிங்கு போல மின்னிய மேல்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தார்கள். ஊர் ஆலயத்துக்கு அவ்வளவு தேவையில்லை. மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) நன்றாக அழுத்தித் தேய்த்தால் போதும்.

பூசிய பின்பு வெயிலும் காற்றும் நேராகப் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு உலர்வதால் இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மறுபடி கல்லாக மாறுவதால் இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காலமும் வேண்டும். ஆகவே பண்டிகைத் தேதியை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் திட்டமிடாதீர்கள். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசி மாதங்களே ஏற்றவை. அக்னி நட்சத்திரத்தில் பூசினால் விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும்.

3 செப்டம்பர் 2023

ஜூன் 11ஆம் தேதிக் குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது சிமெண்ட் இதுவரை படாத சுவருக்கு எழுதியது. ஏற்கெனவே சிமெண்ட் பூசப்பட்டுவிட்ட ஆலயங்களிலிருந்து இப்போது பலர் கேட்கிறார்கள். அதை உடனே கொத்தி எடுக்கவேண்டுமா என்பது கேள்வி.

எல்லா இடத்திலும் வேண்டாம். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கொட்டு ஒலி கேட்கும் இடத்தில் சிமெண்ட் செங்கலை விட்டு ஏற்கெனவே விலகியிருக்கிறது. அங்கே உளியைச் சாய்வாகப் பிடித்துப் பெயர்த்தால் பலகையாக வந்துவிடும், செங்கலுக்குச் சேதம் குறைவு. கெட்டியாக ஒலிக்கும் இடத்தில் சிமெண்ட் செங்கலைக் கடித்துக்கொண்டிருக்கும். பிடிவாதமாகக் கொத்தினால் செங்கலின் முகம் போய்விடும். மேல்சுவரில், ஈரமில்லாத பகுதியில் அப்படி ஒட்டியிருந்தால் விட்டுவிடுவதே மேல். அடிச்சுவரில் மட்டும், சுற்றுப்புற வடிகாலைச் சரிசெய்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஹில்டி போன்ற இயந்திர உளியை இந்தச் சுவர்களுக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அந்த அதிர்வில் உள்ளே மண்ணும் சல்லியும் போட்டு நிரப்பிய சுவரின் நடுப்பகுதி சரிந்து இறங்கும்.

8 அக்டோபர் 2023

கூரை. மழை வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்துதான் அந்த ஓட்டு வகை தென்னகம் முழுவதும் பரவியது. பல ஆலயங்களின் கூரைக்கும் வந்தது. ஓட்டுக் கூரையின் பெரிய நன்மை, ஒரு ஓடு உடைந்தால் ஒரு ஓட்டை மாற்றினால் போதும் என்பதுதான். இடைவெளிகளின் வழியே சூடான காற்று வெளியேறும், மரச்சட்டம் உலர்ந்திருக்கும். தகர ஷீட் போட்டால் மழை நேரத்தில் பிரசங்கம் காதில் விழாது, பங்குனி வெயிலில் உள்ளே உட்கார முடியாது. அதை மறைக்கக் கீழே பிவிசி சீலிங் அடிப்பார்கள். சீலிங் அடித்த நாளிலிருந்து ஒழுக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் நுனி ஈரத்தில் இற்று, கரையான் ஏறி, ஒருநாள் இறங்கிய பிறகே தெரியவரும்.

ஆகவே ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு உத்திரத்தின் நுனியிலும் சுவரை ஒட்டிய இடத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் நுனி இறங்காது. இறங்கினால், இற்ற பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புது மரம் இணைக்கலாம். முழு உத்திரத்தையும் கழற்றி விற்றுவிட்டு இரும்பு போடச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பழைய பர்மாத் தேக்கின் விலை அவர்களுக்குத் தெரியும்.

தட்டைக் கூரையுள்ள ஆலயங்களுக்கு வேறு செய்தி. மெட்ராஸ் டெரஸ் என்பது மரக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாக அடுக்கி, அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்தது. ஒழுகும்போதெல்லாம் மேலே இன்னொரு அடுக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. கட்டைகள் எந்தப் பாரத்துக்கு வைக்கப்பட்டனவோ அதைப் போல இரு மடங்கை அவை சுமக்கின்றன. புதிதாக எதையும் போடுவதற்கு முன் பழைய அடுக்குகளை இறக்குங்கள்.

23 டிசம்பர் 2023

கடந்த 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தவர்கள் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியிருக்கிறது. தாமிரபரணிக் கரையிலும் தேரிப் பகுதியிலும் பல ஆலயங்களுக்குள் தண்ணீர் ஏறி நின்றிருக்கிறது. வீடிழந்தவர்களைத் தாங்குவதே முதல் வேலை. ஆலயம் திறந்திருந்து அவர்களுக்கு நிழல் தரட்டும். அதன் பிறகு கட்டடத்துக்கு:

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்பணியாளர் சோதிக்கும்வரை எதையும் போடாதீர்கள். கதவு ஜன்னல்களைப் பகலில் முழுவதும் திறந்து வையுங்கள். சேற்றை ஈரமாக இருக்கும்போதே அலசி விடுங்கள். ஊறிய மர இருக்கைகளை வெயிலில் போடாமல் நிழலில், தரையில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்குங்கள். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு நனைந்திருந்தால் ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க முயலாமல், தானாகத் திறக்கும் இடங்களில் மட்டும் உறிஞ்சு தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். சில ஊர்களில் நூற்றைம்பது வருடத்துக் குடும்ப வரலாறு அந்த ஏடுகளில் மட்டுமே இருக்கிறது.

சுவரில் எதையும் பூசாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையாவது அடித்துவிடலாமே என்று ஒரு குருவானவர் கேட்டார். சுண்ணாம்பு வெள்ளை மட்டும் என்றால் தாராளமாக அடிக்கலாம் என்றேன். கறை மறுபடி தெரியும், தெரிந்தால் தெரியட்டும்.

17 பிப்ரவரி 2024

தண்ணீர் வடிந்து இரண்டு மாதமாகிறது. இப்போதுதான் உப்பு வெளியே வரத் தொடங்கியிருக்கும். சுவர் முழுவதும் பஞ்சு போலப் பூத்திருப்பதைப் பார்த்துப் பயந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். உலர்ந்த தூரிகையால் கூட்டி, முறத்தில் ஏந்தி, வளாகத்துக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். இந்தக் கோடை முழுவதும் அப்படியே கூட்டிக்கொண்டிருங்கள்.

12 மே 2024

ஆலயக் கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பற்றி நால்வர் வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதிவிட்டார்கள். பறவை எச்சத்தில் வந்த விதை, பிடிமண் இல்லாத இடத்திலும் சுண்ணாம்பு இணைப்பைப் பிடித்து முளைக்கும். சுண்டுவிரல் பருமன் இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். கை பருமன் ஆனபின் பிடுங்கினால் செங்கலும் சேர்ந்து வரும். அப்போது தண்டை வெட்டி, வெட்டுவாயில் துளையிட்டு, வேரைக் கொல்லும் மருந்தை வைத்து, வேர் பட்டபின் அந்த வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்ப வேண்டும். வெட்டிவிட்டு மட்டும் இறங்கினால் அடுத்த மழைக்கு நான்காகத் துளிர்க்கும்.

மெஞ்ஞானபுரத்து ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். அந்த உயரத்தில் முளைப்பதைக் கீழிருந்து யாரும் பார்க்க முடியாது. இப்போது திருமணத்துக்கு வருகிற படப்பிடிப்பாளர் எல்லோரிடமும் டிரோன் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்குப் பின், கோபுரத்தை நான்கு பக்கமும் படமெடுத்துத் தரும்படி கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதே படத்தில் இடிதாங்கிக் கம்பி தரைவரை அறுபடாமல் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். செப்புக் கம்பியைக் கீழ்ப்பகுதியில் வெட்டிக்கொண்டு போவது பல இடங்களில் நடக்கிறது.

30 ஜூன் 2024

“நீங்கள் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், சபை மக்களுக்கு இடம் போதவில்லை, முதியவர்களுக்கு வெக்கை தாங்கவில்லை, இளைஞர்கள் புது ஆலயம் கேட்கிறார்கள், அதற்கு என்ன சொல்கிறீர்கள்” என்று முதல் கேள்வி கேட்ட வாசகர் மறுபடி வந்திருக்கிறார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆராதனை நடக்காத ஆலயம் எவ்வளவு சுண்ணாம்பு பூசினாலும் நிற்காது. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் நிற்கிற ஆலயச் சுவர்களைப் பாருங்கள். பவளப்பாறைக் கல்லால் கட்டிய உறுதியான சுவர்கள்தாம், கூரை போடவும் கூடிப் பாடவும் ஆளில்லாததால் ஆண்டுக்காண்டு உதிர்கின்றன.

ஆகவே இடம் போதாவிட்டால் பக்கத்தில், பழைய சுவரைத் தொடாமல், புதுக் கூடம் கட்டுங்கள். வெக்கைக்கு, ஆணியடித்து மூடிவைத்திருக்கும் மேல்ஜன்னல்களை முதலில் திறந்து பாருங்கள். அவை சூடான காற்று வெளியேறவே வைக்கப்பட்டவை. ஏசி போடுவதற்காக ஜன்னல்களைக் கண்ணாடியால் அடைத்தால் குளிர்ந்த சுவரில் ஈரம் படியும். வாரம் ஒருநாள் மட்டும் ஓடும் ஏசியால் அந்தச் சுவர் மற்ற ஆறு நாளும் புழுங்கும். இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சுண்ணாம்பு நீற்றும் நாளில் அவர்களைக் கூப்பிடுங்கள். எங்கள் ஊரில் அரைத்த சாந்தைச் சுமந்து கொடுத்த பையன்கள்தாம் இன்று தூம்பு அடைத்தால் சொல்லாமலே ஏறிச் சுத்தம் செய்கிறார்கள்.

இடையன்குடி ஆலயம் மிஷனரி கால்டுவெல் காலத்தில் 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. ஒரு தலைமுறை முழுவதும் காத்திருந்து கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவர்களில் நம் பாட்டன் பூட்டன்களின் கை இருக்கிறது; அவர்கள் கொண்டுவந்து கொடுத்த கருப்பட்டியும் இருக்கிறது. பண்டிகைக்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அதை மூடிவிடக் கூடாது.

10 டிசம்பர் 2024

பாரிசின் நோத்ர தாம் பேராலயம் இரண்டு நாளுக்கு முன் ஆராதனைக்குத் திறக்கப்பட்டதைப் பலரும் இங்கே பகிர்ந்திருக்கிறீர்கள். 2019 ஏப்ரல் 15ஆம் தேதி அது எரிந்தபோது கூரையில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம். பழைய கட்டடத்துக்கு மிகவும் ஆபத்தான காலம் அதைப் பழுதுபார்க்கும் காலமே. ஓட்டுக் கூரைக்கடியில் வெல்டிங் வைக்காதீர்கள். சாரத்துக்குத் தற்காலிகமாக இழுத்த வயரை மாலையில் துண்டித்துவிட்டுத்தான் வேலையாட்கள் போகவேண்டும். கோயில்பிள்ளை (ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) இரவில் ஒருமுறை மாடிக்குப் போய் முகர்ந்து பார்க்கட்டும்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்தை யார் பார்ப்பது என்று கேட்டவருக்கு: இங்கிலாந்துத் திருச்சபையில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஒவ்வொரு ஆலயத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக்கலைஞர் போன்ற தகுதியுள்ளவர் ஆய்ந்து அறிக்கை தரவேண்டும் என்ற விதி இருந்துவருகிறது. நம் சேகரங்களில் அப்படி ஒரு விதியை எழுதிக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அதுவரை, கணக்குப் புத்தகம் போல ஒரு தனி நோட்டு போடுங்கள். ஐப்பசிக்கு முன் தூம்பு, ஓடு, வடிகால். மார்கழியில் ஒழுக்கு எங்கே என்று. மாசியில் பூச்சு வேலை. சித்திரையில் உத்திர நுனி, கரையான், வயரிங். எந்த இடத்தில் என்ன சாந்து, எந்த மணல், யார் பூசினார் என்பதையும் எழுதி, ஒரு படத்தையும் ஒட்டுங்கள். கமிட்டி மாறும்போது ஆலயச் சாவியோடு அந்த நோட்டையும் ஒப்படையுங்கள்.